ஒற்றைப்படை நாள் உறவு

(தைபேயிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறது கின்மென் தீவு. ஆட்சி தைவானுடையது, எதிரே வெறுங்கண்ணுக்குத் தெரியும் அடுக்குமாடிகள் சீனாவின் ஷியாமென். தீவில் ஒரு கத்திப் பட்டறை. கொல்லருக்கு எழுபதுக்கு மேல். கத்தி வாங்க வந்த இளைஞர் தலைநகரத்து அதிகாரி.)

கொல்லர்: உக்காருங்க தம்பி. சட்டையைப் பாத்தாலே தலைநகரம்னு தெரியுது. எந்த ஆபீசு?

அதிகாரி: பெருநில விவகார மன்றம், ஐயா. 1991-இல் தொடங்கப்பட்டது. அமைச்சரவையின் கீழ் இயங்குகிறது.

கொல்லர்: ஓ, சீனாக்காரன்கிட்ட பேசுற ஆபீசு.

அதிகாரி: நாங்கள் பேசுவதில்லை. எப்படிப் பேசலாம் என்று கொள்கை வகுக்கிறோம். பேசுவதற்கு நீரிணைப் பரிமாற்ற அறக்கட்டளை இருக்கிறது. சட்டப்படி அது தனியார் அமைப்பு.

கொல்லர்: தனியாரா? பணம் யாரு போடுறா?

அதிகாரி: பெரும்பகுதி அரசு.

கொல்லர்: சரிதான். அந்தக் கரையில?

அதிகாரி: அங்கே தைவான் விவகார அலுவலகம். அவர்களும் நேரே பேசக் கூடாது என்பதால் 1991 டிசம்பரில் ஒரு சங்கம் வைத்தார்கள். அரசு அல்லாத இவர்களும் அரசு அல்லாத அவர்களும் உட்கார்ந்து அரசு விஷயம் பேசுவார்கள்.

கொல்லர்: 93-ல சிங்கப்பூர்ல ரெண்டு பெரியவங்க கை குலுக்குனாங்களே, டிவியில பாத்தேன். அன்னிக்கு என்னதான் பேசி முடிச்சாங்க?

அதிகாரி: பதிவுத் தபால் தொலைந்தால் எப்படி விசாரிப்பது, இழப்பீடு எப்படித் தருவது.

கொல்லர்: (சுத்தியலைக் கீழே வைத்து) இருவது வருசம் குண்டு போட்டுட்டு, தபாலா?

அதிகாரி: சிரிக்காதீர்கள் ஐயா. அன்று போட்ட இன்னொரு ஒப்பந்தம் ஆவணச் சான்று பற்றியது. இந்தத் தீவுப் பையன் அக்கரைப் பெண்ணைக் கட்டுகிறான் என்று வையுங்கள். அவள் பிறப்புச் சான்றுக்கு அங்குள்ள நோட்டரி முத்திரை போடுவார். அதன் பிரதி ஒன்று தனியாக எங்கள் அறக்கட்டளைக்குத் தபாலில் வரும். இரண்டையும் ஒப்பிட்டு எழுத்தர் ஒரு முத்திரை குத்துவார். மேலே பேச்சு நின்றாலும் அந்த முத்திரை நின்றதில்லை.

கொல்லர்: அப்ப மேல பேச்சு நின்னுதான் போச்சா?

அதிகாரி: 2015 நவம்பரில் இரு பக்கத் தலைவர்களும் சிங்கப்பூரில் சந்தித்தார்கள். அதிபர் என்று அழைத்தால் சிக்கல் என்பதால் ‘திரு’ போட்டுக்கொண்டார்கள். இரவு விருந்தின் பில்லைக்கூடப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்த டிசம்பர் கடைசியில் எங்கள் தலைவருக்கும் அவர்கள் அலுவலகத் தலைவருக்கும் நேரடித் தொலைபேசி இணைப்பு வந்தது.

கொல்லர்: எடுக்குறாங்களா?

அதிகாரி: ஆறு மாதம் நன்றாக இருந்தது. 2016 ஜூனில் தொடர்பு நிறுத்தப்பட்டது என்று அறிவித்துவிட்டார்கள். 1992-இல் ஹாங்காங்கில் ஒத்துக்கொண்டதைப் அப்போது புதிதாக வந்த அதிபர் சாய் இங்-வென் ஏற்கவில்லையாம்.

கொல்லர்: என்னத்த ஒத்துக்கிட்டோம்?

அதிகாரி: சீனா ஒன்றுதான், அது எது என்பதை அவரவர் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டதாக இங்கே ஒரு கட்சி சொல்கிறது. அப்படி ஒரு உடன்பாடே இல்லை என்கிறது இன்னொரு கட்சி. அவரவர் சொல்லிக்கொள்ளலாம் என்ற பாதியைக் காதில் வாங்காதது பெய்ஜிங்.

கொல்லர்: கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்குமே?

அதிகாரி: இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. அதை 2000-இல் சூட்டியவர் அப்போது எங்கள் மன்றத் தலைவராக இருந்த சூ சி.

கொல்லர்: பொறந்து எட்டு வருசம் கழிச்சா பேரு வெச்சீங்க? புள்ளை பொறந்துச்சா இல்லையான்னே தகராறு! அதுசரி, சாய் அம்மாகூட உங்க ஆபீசுலதான இருந்தாங்க?

அதிகாரி: சூ சிக்கு அடுத்த தலைவரே அவர்தான்.

(இந்த இடத்தில் அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொல்லர் குழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்துக் கொடுத்தார். எந்தக் கரைத் தண்ணீர் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கொள்கை என்பது பெரும்பாலும் இதுதான்.)

கொல்லர்: இந்தத் தண்ணிக்கு 2018-ல திறப்பு விழா வெச்சப்போ, வேண்டாம்னு சொன்னது உங்க ஆபீசுதான?

அதிகாரி: தண்ணீரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கரையிலிருந்து கடலடியில் 16 கிலோமீட்டர் குழாய், 30 ஆண்டு ஒப்பந்தம், எல்லாம் முறைப்படி நடந்தது. விழாவை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னோம். தைச்சுங் நகரம் நடத்தவிருந்த இளைஞர் விளையாட்டுப் போட்டியை அப்போதுதான் அவர்கள் அழுத்தம் கொடுத்துப் பறித்திருந்தார்கள்.

கொல்லர்: குடிக்கலாம், கை தட்டக் கூடாது. நாங்க ரெண்டையும் செஞ்சோம்.

அதிகாரி: அறிவோம், ஐயா.

கொல்லர்: குண்டு போட்ட காலத்துல இதைவிடத் தெளிவா இருந்துச்சு தம்பி. 1958 ஆகஸ்ட் 23. எனக்குப் பள்ளிக்கூடம் போற வயசு. 44 நாள்ல நாலே முக்கால் லட்சம் குண்டு. அப்புறம் சீனாக்காரனே கணக்கு வெச்சான்: ஒத்தப்படை தேதியில மட்டும் போடுவேன்னான். ரெட்டப்படையில வயலுக்குப் போவோம், சந்தைக்குப் போவோம். மாசம் 31-ல முடிஞ்சாதான் தொல்லை, மறுநாளும் ஒத்தப்படை! பிறகு குண்டுக்குள்ள நோட்டீசு வெச்சு அனுப்புனான். காகிதம் பறந்துரும், ஓடு வந்து கூரையைப் பிளக்கும். 1979 சனவரி ஒண்ணாந்தேதி அமெரிக்காவும் அவனும் உறவு வெச்சாங்க, அன்னியோட நின்னுச்சு. அவன் எப்போ பேசுவான்னு நாள்காட்டியப் பாத்தா தெரிஞ்சுது. உங்க போனுக்கு அதுகூட இல்லியே.

அதிகாரி: நாங்கள் தொடர்ந்து நல்லெண்ணம் தெரிவித்து வருகிறோம்.

கொல்லர்: யாருக்கு?

அதிகாரி: பத்திரிகையாளர்களுக்கு.

கொல்லர்: ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும். இந்தத் தீவு எந்த மாகாணம்?

அதிகாரி: ஃபூஜியென்.

கொல்லர்: எதிர்ல தெரியுறது?

அதிகாரி: அதுவும் ஃபூஜியென். நம் ஃபூஜியென் மாகாண அரசின் கையில் இரண்டே மாவட்டங்கள்தான் இருந்தன. 2018 முடிவோடு அதன் வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். மாகாணம் இருக்கிறது; அரசுதான் இல்லை. மங்கோலிய, திபெத்திய விவகார ஆணையத்தையும் 2017-இல் கலைத்து, பாதி வேலையை எங்கள் மன்றத்தில் சேர்த்தார்கள்.

கொல்லர்: திபெத்தும் உங்க தலையிலயா! பாவம், இந்தச் சமையல் கத்தியைப் பிடிங்க. நோட்டீசுக் குண்டு இரும்பு. அது தூளாச் சிதறாது, பட்டை பட்டையாத்தான் பிளக்கும். கேஸ்ல துண்டு அறுத்து, உலையில செவக்கக் காய்ச்சி அடிச்சா, ஒரு குண்டுக்கு நாப்பது கத்திக்குக் குறையாது.

அதிகாரி: (விரலால் கூர் பார்த்து) அருமை. ரசீது போடுங்கள். இரும்பு எங்கிருந்து வந்தது என்று மட்டும் எழுத வேண்டாம்.

கொல்லர்: ஏன்? ஊருக்கே தெரிஞ்சதுதான?

அதிகாரி: பெருநிலச் சரக்கு உள்ளே வர அனுமதி வேண்டும், ஐயா.

கொல்லர்: நாலே முக்கால் லட்சமும் அனுமதி இல்லாமத்தான் வந்துச்சு. சுங்கமும் கட்டலை. திருப்பி அனுப்பணும்னா சொல்லுங்க, கொல்லையில இன்னும் கொஞ்சம் கிடக்கு.

அதிகாரி: (குறிப்பேட்டை எடுத்து) அப்படி அனுப்புவதானால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொலைந்தால் இழப்பீடு கேட்கலாம்.