அடியில்லாக் கிணறும் அச்சடித்த நோட்ஸும்

கேள்வி: மகள் தரம் 8. விஞ்ஞான ரீச்சர் வகுப்பை நிலாவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "கண்டதை எழுதுங்கோ" எண்டு விட்டிட்டா. நோட்ஸ் ஒண்டும் குடுக்கேல்லை. பிள்ளை என்னத்தைப் பாடமாக்கிறது?
— ஒரு தாய், புத்தூர்

பதில்: பாடமாக்க ஒன்றுமில்லாதபடி எழுதச் சொன்னதுதான் அம்மா, அந்த ரீச்சர் செய்த நல்ல காரியம். மகளின் கொப்பியை ஒருக்கால் வாங்கிப் பாருங்கள். "கிணற்றுக்குள் தண்ணி பச்சையாய்த் தெரிஞ்சுது, வாளியில அள்ளினால் பச்சை இல்லை, ஏன்?" என்று ஒரு வரி இருந்தால் போதும். அந்த 'ஏன்' எந்த ரியூசன் கொட்டிலிலும் போட்டோகொப்பி போட்டு விற்கப்படுவதில்லை.

கேள்வி: நிலாவரைக்கு அடியே இல்லையாம். ராமர் அம்பு விட்டு உண்டாக்கினவராம். தேசிக்காய் போட்டால் கீரிமலையில மிதக்குமாம். உண்மையோ மாமா?
— தரம் 7 மாணவன், நவக்கிரி

பதில்: ராமரிடம் வாக்குமூலம் எடுக்க வழியில்லை. அடி இருக்கிறது தம்பி. அளந்தவர்கள் 50 மீற்றருக்கு மேல் என்கிறார்கள். குடாநாட்டின் கீழே கிடப்பது சுண்ணக்கல். மழைநீர் அதைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கரைத்து, வெடிப்பும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது.

அடி இல்லை என்பதைவிட அதிசயம், அந்தக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது. உப்புத்தண்ணீர் பாரமானது, அதன்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும்: அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே 1 அடியை இழந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடிக் கிளாசில் பாதிக்கு உப்புக் கரைத்த தண்ணீர். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் சாயம் கலந்த நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்று. இரண்டும் தனித்தனித் தட்டாக நிற்கும். பிறகு ஒரு கலக்குக் கலக்கிப் பார். எழுத வேண்டியது தானாக வரும்.

தேசிக்காய் விசயம் உன் கொப்பிக்கு நல்ல வேலை. போட்டது யார், எடுத்தது யார், இரண்டும் ஒரே காய்தான் என்று எப்படித் தெரியும்? ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகிற சனத்தின் பையிலும் தேசிக்காய் இருக்கும் அல்லவா? பரிசோதனையைக் கடதாசியில் மட்டும் திட்டமிடு. கிணறு ஊருக்குரியது, எட்டிப் பார்ப்பதும் ரீச்சரோடு போகும்போது மட்டும்.

கேள்வி: வகுப்பில எத்தனை கொப்பி இருக்கோ, அத்தனையிலும் அவதானம் ஒரே வசனம். எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில. என்ன செய்யலாம்?
— விஞ்ஞான ஆசிரியர், வலிகாமம் கிழக்கு

பதில்: நோக்கம், உபகரணம், செய்முறை, அவதானம், முடிவு. இவற்றில் பிள்ளைக்குச் சொந்தமானது அவதானம் ஒன்றுதான். அதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறோம். பிள்ளை எழுதுவதை வாசிக்கப் போகிறவர் நீங்கள் ஒருவர். விடை உங்களுக்கு முன்னமே தெரியும். தெரிந்தவருக்குத் தெரிந்ததைச் சொல்ல எவர்தான் மினக்கெடுவார்? விடை தெரியாத வாசகரைப் பிடித்துக் கொடுங்கள். தரம் 8 எழுதியதைத் தரம் 6 வாசித்துக் கேள்வி கேட்கட்டும். உங்கள் செம்மண் கிணறுகளைப் பற்றிப் புத்தூர்ப் பிள்ளைகள் எழுத, தொண்டைமானாற்றுப் பிள்ளைகள் தங்கள் கரையோரக் கிணறுகளைப் பற்றி எழுதி அனுப்பட்டும்.

தொண்டைமானாறு என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே இருப்பது வெளிக்கள நிலையம். உயர்தரப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் நினைவுக்கு வருவது வெளியுமில்லை களமுமில்லை, வினாத்தாள்!

கேள்வி: இப்பிடி எங்கேயாவது செய்து பார்த்திருக்கினமோ, இல்லை உங்கட கற்பனையோ?
— ஓய்வுபெற்ற அதிபர், அச்சுவேலி

பதில்: 1972இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஹோசங்காபாத் மாவட்டத்தில், 16 பள்ளிக்கூடங்களில் தொடங்கினார்கள். 6 முதல் 8 வரையான வகுப்புகள். 'பால வைஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூல் கேள்வி கேட்கும், விடை சொல்லாது. பிள்ளை செய்து பார்த்துத் தன் கொப்பியில் எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தைக் கொண்டு போகலாம். நம்மூரில் அதைக் 'கொப்பி அடிக்கிறது' என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். 1978இல் மாவட்டம் முழுவதுக்கும் விரிந்தது, 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தவர் சவாலிராம். பிள்ளைகள் என்ன சந்தேகம் வந்தாலும் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள், பதிலும் வரும். அப்படி ஒரு ஆள் இருக்கவே இல்லை, வெறும் கற்பனைப் பாத்திரம். கேள்வி-பதில் எழுதுகிற எங்கள் சாதிக்கே அவர்தான் மூத்த அண்ணன். ஆளே இல்லாமல் இத்தனை பேருக்குப் பதில் போட்டது வேறு யார்?

கேள்வி: இதெல்லாம் ஓ.எல்.லுக்கு வருமோ?
— பெயர் வேண்டாம்

பதில்: வரும். "அவதானித்து விளக்குக" என்று வரும். பாடமாக்கினவர் அப்போது பக்கத்துப் பிள்ளையின் தாளை அவதானிப்பார்.

கேள்வி: அப்பா வெங்காயத்துக்கு யூரியா போடுறவர். தோட்டத்துக்கும் குடிக்கிறதுக்கும் ஒரே கிணறு. தண்ணி பளிச்செண்டுதான் இருக்கு. அதில பிழை இருக்குமோ?
— தரம் 9 மாணவி, புத்தூர்

பதில்: பளிச்சென்று இருப்பதால் ஒன்றும் தெரியாது பிள்ளை. யூரியாவை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும். பயிர் எடுத்து மிஞ்சியது மழையோடு சுண்ணக்கல் வெடிப்பு வழியே கிணற்றுக்கு இறங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது மிஞ்சினால் முதலில் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு. பரிசோதித்துத்தான் அறியலாம், ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வழியுண்டா என்று ரீச்சரிடம் கேள்.

எத்தனை பரப்புக்கு எத்தனை கிலோ, எந்த மாதம், கிணற்றுக்கு எத்தனை யார் தள்ளி என்பதை அப்பாவிடமே கேட்டு எழுது. எழுதியதை ரீச்சருக்கு முதல் அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. "பள்ளிக்கூடத்தில உதுவோ படிப்பிக்கினம்?" என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வியை அவரையே எனக்கு எழுதி அனுப்பச் சொல்.