ஐந்தாம் பாகத்தின் மேல் ஒரு பிராது

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலின் முதல் நான்கு பாகங்களைப் பற்றிக் கேட்டால் படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். ஐந்தாம் பாகம் என்றதும் கண்ணைத் திறந்துவிடுவார்கள். "எல்லாம் சரி சார், கடைசியிலதான் அவசரப்பட்டுட்டார்" என்பது எழுபது ஆண்டுகளாக மேல்முறையீடு இல்லாமல் நிற்கிற தீர்ப்பு. தீர்ப்பு சொல்கிறவர்கள் பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். புது வெள்ளத்துக்கு 57 அத்தியாயம். சுழற்காற்றுக்கு 53. கொலை வாளுக்கும் மணிமகுடத்துக்கும் தலா 46. அவசரத்தில் முடித்த தியாகச் சிகரத்துக்கு 91! மொத்தம் 293இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இத்தனை பதார்த்தம் பரிமாறிவிட்டுக் கடைசியில் தாம்பூலத்தை நீட்டியவரைப் பார்த்து, பந்தியைச் சீக்கிரம் எழுப்பிவிட்டார் என்று சொல்வதற்கும் ஒரு வயிறு வேண்டும். என் கட்சி இதுதான்: ஐந்தாம் பாகத்தின் மேல் நாம் கொடுக்கிற பிராதுகளில் பெரும்பாலானவை ஐந்தாம் பாகத்தைப் பற்றியவையே அல்ல. கதை முடிந்துபோயிற்றே என்ற கோபத்துக்குச் சட்டப்பிரிவு கிடையாது. அதனால் கைக்குக் கிடைத்த பிரிவில் வழக்குப் போடுகிறோம்.

வாதியாக நிற்க மற்ற எல்லாரையும்விடக் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு உரிமை அதிகம். கதை தொடங்குவதே இங்கேதான். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது நம் வீராணத்தில், வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். 74 கணவாய்களிலும் தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது. பக்கத்திலேயே ஆழ்வார்க்கடியான் கைத்தடியோடு வம்புக்கு நிற்கிறான். அன்றிரவே கடம்பூரில் சதியாலோசனை. அப்புறம் ஆள் தஞ்சாவூர், பழையாறை, கோடிக்கரை, இலங்கை என்று ஊர் சுற்றப் போய்விடுகிறான். கதை மறுபடி நம் பக்கம் திரும்பி வருவது எதற்கு? பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைச் சாகடிக்க. கடம்பூர் மாளிகையில் கொலை நடந்து, மாளிகையும் எரிந்த பிறகு, மகுடாபிஷேகத்துக்கு எல்லாரும் தஞ்சாவூர் போய்விடுகிறார்கள். எழவு நம் வீட்டில், கல்யாணம் அவர்கள் வீட்டில். 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் ஏறிச் சென்னைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதாகத் தெரியாது.

இத்தனைக்கும் மேலக்கடம்பூரில் போய்த் தேடினால் தேர் போலச் செதுக்கிய அழகான சிவன் கோயில் இருக்கும், மாளிகை இருக்காது. கதையில் அந்த மாளிகைக்குச் சொந்தக்காரர்களான சம்புவரையர்கள் வரலாற்றில் படைவீட்டுப் பக்கத்து ஆட்கள். அவர்கள் பேரெடுத்ததும் இந்தக் கதைக்கு மிகவும் பிற்பட்ட காலத்தில். கல்கி அவர்களைக் குடும்பத்தோடு தூக்கி வந்து கடம்பூரில் குடிவைத்தார். இதற்காக யாரும் அவரைக் கூண்டில் ஏற்றுவதில்லை. சும்மா கிடைத்த மாளிகைக்குப் பட்டா கேட்பார்களா? இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் வரலாற்றை இப்படி வளைத்தால் அது கற்பனை வளம். அதே கையால் ஐந்தாம் பாகத்தில் வளைத்தால் மோசடி.

பிராதுகளில் தலையானது, கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி பளிச்சென்று சொல்லவில்லை என்பது. கொலையாளிகளின் பெயர்ப் பட்டியல் கதை வருவதற்குச் சுமார் 960 ஆண்டுகள் முன்பே வெளியாகிவிட்ட விசித்திரமான வழக்கு இது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், 987 வாக்கில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசன், அடுத்த தம்பி பரமேசுவரன் எல்லாரையும் பெயர் சொல்லி, பட்டம் சொல்லிப் போட்டு உடைத்திருக்கிறது. அவர்கள் நிலத்தைப் பறித்தது மட்டுமா? பேரப்பன்மார், மாமன்மார், உடன்பிறந்தவளைக் கட்டியவன், மகளைக் கட்டியவன் என்று பத்திரிகை வைக்கிற வரிசையிலேயே போய் அத்தனை பேர் நிலத்தையும் பறித்திருக்கிறார்கள். பெண் எடுத்த பாவத்துக்கு வேலிக்கணக்கில் தண்டம். ரவிதாசனும் சோமன் சாம்பவனும் நாவலின் முதல் பாகத்திலிருந்தே திருப்புறம்பியம் காட்டில் ஆந்தை போலக் கூவிக்கொண்டு திரிகிறவர்கள்தான். பெயர் கல்லிலும் இருக்கிறது, கதையிலும் இருக்கிறது. இருந்தும் கேட்கிறோம்: கொன்றது யார்?

கல்லில் இருப்பது தண்டனைதான், கதையில் விசாரணை வேண்டாமா என்று ஒரு கட்சி உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல் நிலக் கணக்குக்காக வெட்டியது. கொலை அதில் போகிற போக்கில் வருகிற செய்தி. யார் ஏவினார்கள், எதற்காக என்ற பேச்சே அதில் இல்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகப்பட்டார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சதாசிவ பண்டாரத்தார் அதெல்லாம் இல்லை என்று மறுத்தார். இரண்டு பெரியவர்களுக்கு ஒத்துவராத ஒன்றை ஒரு வாரப் பத்திரிகையில், விளம்பரம் போக மிச்சமிருக்கிற இடத்தில், கல்கி எப்படித் தீர்ப்பார்? அவர் செய்தது வேறு. விளக்கை அணைத்துவிட்டு, அந்த இருட்டுக்குள் காரணமுள்ள அத்தனை பேரையும் கொண்டுவந்து நிறுத்தினார். பிற்பாடு பெரிய பழுவேட்டரையர் நானே கொன்றேன் என்கிறார். மணிமேகலையும் நானே என்கிறாள். குற்றவாளி அகப்படாத வழக்கு உலகத்தில் எத்தனையோ உண்டு. குற்றவாளிகள் உபரியாகிப்போன வழக்கு இந்த ஒன்றுதான். கல்கி ஒருவன் கையில் கத்தியைக் கொடுத்து முடித்திருந்தால் இன்று தேநீர்க் கடையில் அதைப் பற்றிப் பேச என்ன மிஞ்சியிருக்கும்?

மதுராந்தகன் விஷயத்தில் மட்டும் என் கட்சிக்குக் கொஞ்சம் முதுகு வலிக்கிறது. நான்கு பாகங்களாக அரியணைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்த மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் பிள்ளையே இல்லை, தஞ்சாவூரில் பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் பிள்ளை என்று ஐந்தாம் பாகம் சொல்லும்போது, வரலாற்றில் அரசாண்ட மதுராந்தக உத்தம சோழனின் ஆட்சியையும் காப்பாற்ற வேண்டும், நம் வெறுப்பையும் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசிரியரின் அவஸ்தை தெரிகிறது. இங்கே பிராது கொடுத்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் மணிரத்னம் எடுத்த படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. ஆள்மாறாட்டம் எதுவும் கிடையாது. இருந்த மதுராந்தகனுக்கே அருள்மொழி மகுடத்தைக் கொடுத்துவிட்டான். எழுபது ஆண்டுகளாக நாம் கேட்ட திருத்தம். சந்தோஷப்பட்டோமா? "சேந்தன் அமுதன் எங்க சார்? கதையையே கெடுத்துட்டாங்களே!" வைத்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றம் என்றால் குற்றம் பூக்கட்டியவனிடம் இல்லை.

உண்மையான குறை என்னவென்று தெரிய 1954க்குப் போக வேண்டும். 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் அந்த மே மாதம் முடிந்தது. திடீரென்று நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் அப்போதே குறைப்பட, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார்: யார் யாரை மணந்தார்கள், யார் என்ன ஆனார்கள் என்றெல்லாம். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டவர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பார்க்கச் சொல்லலாம். அதில் குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்றே இருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தேவை தகவல் இல்லை, அடுத்த வாரம். அடுத்த வாரத்தை முடிவுரையால் ஈடுகட்ட முடியாது. அந்த டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். அமெரிக்காவில் ஜார்ஜ் மார்ட்டின் தம் தொடரின் ஐந்தாம் பாகத்தை 2011இல் கொடுத்தார். ஆறாவது எங்கே என்று வாசகர்கள் இன்னும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். முடிக்காதவருக்குத் திட்டு விழுவது புரிகிறது. மூன்றரை ஆண்டில் முடித்துக் கொடுத்தவருக்கும் அதே திட்டா?

இந்த ஏக்கத்துக்கும் எங்கள் பக்கத்திலேயே பழைய முன்னுதாரணம் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் காதில் நம்மாழ்வாரின் பத்துப் பாட்டு விழுந்தது. இது ஆயிரத்தில் பத்து என்று அந்தப் பாட்டே சொல்லவும், மீதி எங்கே என்று கேட்டார். மீதியைத் தேடித் திருக்குருகூர் வரை போய், மதுரகவியின் பதிகத்தைப் பன்னீராயிரம் தடவை ஓதி, ஆயிரம் கேட்டவர் நாலாயிரத்தோடு திரும்பினார் என்பது மரபு. தொடர்கதை வாசகர்களின் ஆதிகுரு அவர்தான். காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் கூப்பிடு தூரம். அங்கே மரபு வேறு மாதிரி. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் தேவார ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது. கலங்கி நின்ற மன்னனுக்கு, இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டோம் என்று அசரீரி கேட்டதாம். அந்த மன்னன் வேறு யாருமில்லை, ராஜராஜன், அதாவது நம் அருள்மொழி, பொன்னியின் செல்வனேதான். கதாநாயகனே 'இருப்பது போதும்' என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டான். நாம் மட்டும் இன்னும் காட்டுமன்னார்கோயில் கட்சி. அந்தக் கட்சியின் பசிக்குத்தான் விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதினார், அகிலன் வேங்கையின் மைந்தன் எழுதினார், பாலகுமாரன் ஆறு பாகத்தில் உடையார் எழுதினார். மூன்றையும் ஒரு வரி விடாமல் படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடும்போது நம் ஆள் சொல்கிறார்: "என்ன இருந்தாலும் கல்கியோட அந்த அஞ்சாம் பாகம் மாதிரி வராது சார்."