பிந்தி வாங்கிய கருவிகளின் வகைநூல்

பட்டம் கட்டுவோர், வெளிச்சக்கூடு செய்வோர், புகைக்குண்டு ஒட்டுவோர், கோயில் வீதிக்குக் கொடித்தோரணம் வெட்டுவோர் என நால்வகைக் கடதாசிக்காரர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இவர்கள் செய்தவற்றைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் எழும் பட்டங்களைப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் இந்த நால்வரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பெருமூச்சோடு சொல்லும் "உதை முந்தியே வாங்கியிருக்கலாம்" என்ற வசனத்தை எடுத்து, அதற்கு இலக்கான சாமான்களை இனம் பிரித்து வைத்தவர் எவருமில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்தது சிறுப்பிட்டியில். திணை பிரிப்பதும் துறை வகுப்பதும் எங்களுக்குக் கைவந்த சங்கதி. கடதாசிக் கருவிக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் கிடைக்கவில்லை என்பது ஆராயத்தக்கது. இங்கே அதை ஆராயவில்லை; நேரே வகுக்கிறோம்.

முதலில் எல்லை. மூங்கில், நூல், ரிசூப் பேப்பர் மூன்றும் கருவியாகா. அவை வேலையோடு போய்விடும் பண்டங்கள். வேலை முடிந்த பின்னும் மேசையில் எஞ்சிக் கிடப்பது எதுவோ அதுவே கருவி. பசையை எங்கே சேர்ப்பது எனின், பசை பண்டம், அதைப் பூசும் தூரிகை கருவி. விரலால் பூசுவோருக்கு விரல் கருவியாகுமோ எனின், ஆகும். ஆயினும் விரலைப் பிந்தி வாங்கியதாக வருந்தினவர் இலர். ஆதலால் அது இந்நூலுக்குப் புறம்பு.

இனி வகை. மொத்தம் எத்தனை என்று முதலிலேயே தொகை சொல்வது பழைய மரபு. புத்தகக் கடைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு புது இனத்தைக் கண்ணாடி அலுமாரியில் கொண்டுவந்து வைப்பதால் அம்மரபு இங்கே கைவிடப்பட்டது.

முதலாவது இரவற்கருவி. வீட்டில் வேறொருவருக்குச் சொந்தமாய், வேறொரு தொழிலுக்கு உரியதாய் இருந்து, ஆளில்லாத நேரத்தில் கடதாசிப் பக்கம் திருப்பப்படுவது. அம்மாவின் தையல் கத்தரிக்கோல், அப்பாவின் சவர பிளேட், அப்பாச்சி பெட்டி இழைக்க ஓலை கிழிக்கும் சத்தகம் ஆகிய மூன்றும் இதன் தலையாய உறுப்புகள். இவற்றுள் சத்தகம் மட்டும் தனிச்சிறப்புடையது. பிளந்த மூங்கிலைச் சீவி இரு பக்கமும் நிறை சமனாக்க அதைவிட நல்லது எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே சத்தகத்தை இரவல் வாங்கியவர் வருந்த வேண்டியதில்லை. திருப்பிக் கொடுத்தவரே வருந்துவார். கத்தரிக்கோலின் கதை வேறு. கடதாசி செய்யும்போது களிமண், சுண்ணம் முதலிய நிரப்பிகளைக் கலப்பதுண்டு. அவை கத்தரிக்கோலின் கூரை மெல்ல மெல்லத் தின்னும். விளைவு மார்கழியில் தெரியாது. தை பிறந்து சட்டைத் துணி வெட்டும் அன்றைக்கு வீடு முழுக்கக் கேட்கும்: "டேய் தம்பி, ஆர் என்ரை கத்தரிக்கோலாலை பேப்பர் வெட்டினது?" இவ்வினத்தில் காசு மிச்சம் பிடிப்பவர் ஒருவர், நட்டப்படுபவர் இன்னொருவர். பிந்தி வாங்கிய வருத்தம் ஆளைவிட்டு ஆளுக்குப் பாய்வது இவ்வொரு வகையில்தான்.

இரண்டாவது முறியாக்கருவி. இதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் குடாநாட்டில் "எனக்கு இதுக்குக் கை வராது" என்று ஒதுங்கியவர்களில் பெரும்பாலானோர் இக்கருவியால் கெட்டவர்கள் என்பது எமது துணிபு.

கைப்பிடிக்குள்ளிருந்து இழுபட்டு வரும் நீண்ட பிளேட், அதன் மேல் சாய்வாகக் கீறிய கோடுகள். முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்து எறிய அடுத்த துண்டு புது முனையாகும். ஜப்பானில் ஒசாக்காவைச் சேர்ந்த யோஷியோ ஒக்காடா 1956-இல் இதை வடிவமைத்தார். சப்பாத்துத் தைப்பவர்கள் கண்ணாடியை உடைத்து உடைத்துப் புதுக்கூர் எடுத்ததும், அமெரிக்கப் படையினர் கொடுத்த சொக்கிலேற் கட்டி கோட்டுக்குக் கோடு முறிந்ததும் சேர்ந்து அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தனவாம். அந்த மனிதர் உலகுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: முறி. நாம் செய்யாததும் அது ஒன்றே. பிளேட் வாங்கியிருப்போம், கோடுகள் அப்படியே இருக்கும். முனையில் துருப் பிடித்திருக்கும், பழைய பசை காய்ந்து ஒட்டியிருக்கும். "இன்னும் வெட்டுதுதானே" என்போம். எதையும் வீசாமல் வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு நல்ல இரும்பை முறித்து எறிய மனம் வராது.

மழுங்கிய பிளேட்டால் ரிசூப் பேப்பரை இழுத்துப் பாருங்கள். முதல் இரண்டு அங்குலம் ஒழுங்காகப் போகும். பிறகு தாள் பிளேட்டோடு சேர்ந்து நகரும். ஒரு சின்னச் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் நுனியில் கிழியும். கிழிசல் எப்போதும் கோட்டுக்கு உட்பக்கமாகத்தான் ஓடும், வெளிப்பக்கம் ஓடிய வரலாறு இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் "உனக்குக் கை வராது, விடு" என்பான். பன்னிரண்டு வயதில் கேட்ட அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு கணக்காளராயும் வைத்தியராயும் போனவர்கள் பலர். குற்றம் கையில் இல்லை, ஒடிக்காத ஒரு துண்டு இரும்பில் இருந்தது. இக்கருவியை முந்தி வாங்கியிருக்கலாம் என்பது பிழையான வருத்தம். முந்தி முறித்திருக்கலாம் என்பதே சரி.

இதற்குத் துணையாக வருவன இரண்டு. ஒன்று இரும்பு அடிமட்டம். பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் பிளாஸ்ரிக் அடிமட்டத்தின் ஓரத்தைப் பிளேட் ஒருமுறை கடித்துவிட்டால், அதன்பின் கீறும் கோடெல்லாம் அந்தக் கடியை நகல் எடுக்கும். மற்றது வெட்டுப்பலகை எனப்படும் பச்சை விரிப்பு. இதற்குப் பதிலாகச் சீமெந்து நிலத்தைப் பயன்படுத்துவோர் பிளேட்டை இழப்பர், சாப்பாட்டு மேசையைப் பயன்படுத்துவோர் வீட்டில் மதிப்பை இழப்பர்.

மூன்றாவது ஒட்டுகருவி. இங்கே இந்நூலின் பொதுவிதி தலைகீழாகிறது. வெட்டும் இனத்தில் மக்கள் பிந்தி வாங்கி வருந்துகிறார்கள். ஒட்டும் இனத்தில் முந்தி வாங்கி வருந்துகிறார்கள். உதட்டுச்சாயக் குழாயைப் பார்த்து ஜேர்மனியின் ஹென்கல் நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த குச்சிப் பசை, வெள்ளை பைண்டர் கம், இரட்டைப் பக்க ஒட்டுநாடா என்று கடையில் இருப்பதெல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் ஒருவர் பட்டறையின் மூத்தவரிடம் போகிறார். அவர் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டிபடாமல் கிண்டிக் காய்ச்சி, பூச்சி தின்னாமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்ட பசையைக் காட்டுகிறார். பழையதைக் கண்டால் கும்பிடும் குணத்தால் இதைச் சொல்லவில்லை. மாப்பசை ஆறுதலாகக் காய்வதால், நூலின் மேல் மடித்த விளிம்பு பிசகினால் தூக்கித் திரும்ப வைக்கலாம். பெரிய நூலகங்களில் கிழிந்த ஏடுகளைச் செப்பம் செய்வோர் இன்றைக்கும் கோதுமை மாச்சத்துப் பசையையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் தொட்டால் அது திரும்பக் கழன்று வரும் என்பதே காரணம். இந்த இனத்தில் உண்மையாகவே பிந்தி வாங்கப்படுவது ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை. விரல் பசையைக் குவிக்கும். குவிந்த இடத்தில் ரிசூ ஊறித் தொய்யும். காய்ந்ததும் அந்த இடம் இழுத்து, செட்டை ஒரு பக்கம் கோணும். பிறகு பட்டத்தில் கயிறு பூட்டும் முச்சையை மாற்றி மாற்றிக் கட்டியும் பட்டம் இடப்பக்கமே குத்தும். எல்லோரும் முச்சையைத் திட்டுவார்கள்.

ஒட்டுதலில் உச்சம் புகைக்குண்டு. வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும் இந்திரவிழா இரவில், கடதாசிக் கீலங்களை ஒட்டிச் சேர்த்த பெரிய கூட்டுக்குள் சூடான காற்றை நிரப்பி மேலே விடுவார்கள். பிரான்சில் அனோனே என்ற ஊரில் 1783 யூன் 4-ஆந் திகதி மொன்கோல்பியே சகோதரர் விட்ட முதற் பெருங்கூடும் இதன் உறவுதான். அவர்கள் கடதாசி ஆலைக் குடும்பத்தவர். துணிக்கு உட்பக்கம் கடதாசி பிடித்து, துண்டுகளை ஒன்றோடொன்று தெறி போட்டுப் பூட்டினார்கள். கடதாசி ஆலை வைத்திருந்தவர்களே பசையை நம்பாமல் தெறியை நம்பினார்கள். வல்வெட்டித்துறையார் பசையை நம்பினார்கள். இவ்விடத்தில் எவர் மேம்பட்டவர் என்பதை வாசகர் தீர்மானிக்கலாம், எமது பட்சபாதம் வெளிப்படை. புகைக்குண்டுக்காரர் பிந்தித் தேடும் கருவி ஒரு சதமும் செலவில்லாதது: முழு உயரத்துக்கு ஒரே ஒரு கீலத்தைத் தடித்த மட்டையில் வெட்டி வைத்த அச்சு. ஒவ்வொரு கீலத்தையும் அதற்கு முந்திய கீலத்தை வைத்து வெட்டினால் பிழை பிள்ளை பெற்றுக்கொண்டே போகும், கடைசிக் கீலம் முதலாவதோடு பொருந்தாது.

நான்காவது கீறுகருவி. மட்டை மடிபடும் இடத்தில் வெட்டாமல் ஒரு பள்ளம் கீற வேண்டும். இல்லையேல் மடிப்பின் முதுகு வெடித்து வெள்ளையாகத் தெரியும். இதற்கென்று மேல்நாட்டுக் கடைகளில் குண்டு முனை ஊசிகளும், மாட்டெலும்பில் இழைத்த தட்டைக் கோல்களும் விற்பனைக்கு உண்டு. பனையோலையைக் கிழிக்காமல் கோடு பதிக்கும் எழுத்தாணியைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட சமூகம், இன்று மை முடிந்த குமிழ்முனைப் பேனாவால் அதே வேலையைச் செய்கிறது. செய்யட்டும். மை உண்மையில் முடிந்துவிட்டதா என்று மட்டும் ஒரு பழைய கொப்பியில் கீறிப் பார்த்துக்கொள்ளவும்.

ஐந்தாவது உறங்குகருவி. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மாமா கொண்டுவருவது. கணினியில் வரைந்ததைத் தானே வெட்டும் மின்பொறி, பூ வடிவத்தில் துளையிடும் அச்சு, ஓரத்தை அலை அலையாக வெட்டும் பன்னிரண்டு கத்தரிக்கோல் கொண்ட பெட்டி. முதல் நாள் அயலெல்லாம் கூடிப் பார்க்கும். பிறகு கட்டிலுக்குக் கீழே போகும். இவற்றை ஏன் முந்தி வாங்கவில்லை என்று எவரும் வருந்தக் காணோம். வாங்காதது நல்லதாகப் போயிற்று என்ற ஆறுதலே இவ்வினத்தின் பயன்.

"இவையெல்லாம் கடையில் கிடைத்திருக்க, ஏன் பிந்தினீர்" என்று வெளியூர் வாசகர் தடை எழுப்பலாம். விடை: கிடைக்கவில்லை. குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் 1990-இல் நின்று வருடக்கணக்காக வரவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மின்கலமும் எரிபொருளும் சீமெந்தும் தடைப்பட்டன. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. அந்நாளில் "முந்தியே வாங்கியிருக்கலாம்" என்ற வசனமே இந்த மண்ணில் இல்லை. அதைச் சொல்வதற்குத் திறந்த கடையும் சட்டைப்பையில் காசும் வேண்டும். அப்படி ஒரு பருவம் வந்த பிறகும் கடதாசி நிலையாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. ஆகவே எங்களில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர் எவரேனும் மழுங்கிய பிளேட்டை இன்னும் முறிக்காமல் வைத்திருந்தால், மேலே சொன்ன ஏளனம் அவருக்குப் பொருந்தாது என்று கொள்க.

கடைசி இனம் காப்புக்கருவி. இதைக் கடதாசி வேலையோடு சேர்ப்பது வழு என்பர் ஒரு சாரார். வேலை மேசையோடு முடிந்துவிடுகிறது, பிறகு நடப்பது விளையாட்டு என்பது அவர் கட்சி. அற்றன்று. காற்றில் எழாத பட்டம் செய்து முடிந்த பட்டமாகாது. வாடைக்காற்று வலுத்தால் பெரிய பட்டத்தை ஒருவர் கை தாங்காது, கயிற்றுக்குக் கூட்டம் வேண்டும். இரவு முழுக்கப் பட்டத்தில் பூட்டிய விண் கூவ விடுபவர்கள் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் போய்ப் படுப்பது அதனால்தான். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் ஒரு குழு பெரிய பட்டம் ஒன்றைக் கயிறு பிடித்து ஏற்றியபோது மற்றவர்கள் கையை விட்டுவிட, பிடியை விடாத ஓர் இளைஞரைப் பட்டம் தூக்கிக்கொண்டு போனது. ஏறத்தாழ 40 அடி உயரம் என்று செய்திகள் எழுதின. அவர் உயிர் தப்பினார், காணொளி உலகம் சுற்றியது. பார்த்தவர்கள் பட்டத்தை வியந்தார்கள், இளைஞரைப் பார்த்துச் சிரித்தார்கள். கயிற்றின் நுனி நிலத்தில் எதிலாவது கட்டியிருந்ததா என்று கேட்டவர் குறைவு.

தடித்த தோல் கையுறை ஒரு சோடி, ஆழமாக அடித்த முளை ஒன்று. இவ்விரண்டும் பட்டம் கட்டும் சாமான் பட்டியலில் எங்கும் இல்லை. உள்ளங்கையைக் கயிறு அறுத்த பிறகு மட்டும் நினைவுக்கு வருகின்றன. எமது தீர்ப்பு: இந்த மார்கழியில் ஒரு சாமானுக்குத்தான் காசிருக்கிறது என்றால் கையுறையை வாங்குங்கள். பச்சை விரிப்பு அடுத்த வருடத்துக்கு நிற்கும்.