ஆயில் சீல் இயல்: அகமும் புறமும்

மும்பையில் தாராவி அறுபதடி ரோட்டிலிருந்து மாட்டுங்கா வழியாகச் செம்பூர்வரை, நிறுத்திய கார்களுக்கு அடியில் இரவில் விரிக்கப்படும் அட்டைப்பெட்டித் துண்டுகளே இவ்வாய்வின் மூல ஏடுகள். விடிந்ததும் அவற்றில் படிந்த கறையைக் கொண்டு எஞ்சினின் உட்கிடக்கையை உய்த்துணர வேண்டும். கறை புல்லிக்கு நேர்கீழே என்றால் கிராங்க் ஷாஃப்டின் முன்சீல். எஞ்சினும் கியர்பாக்ஸும் கூடுமிடத்துக்குக் கீழே என்றால் பின்சீல். மழையில் ஏடுகள் ஊறிக் கிழிந்துபோவதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இத்துறைக்கு விடுமுறை.

ஆயில் சீல் ரப்பரின் பிள்ளை என்பது பொதுநம்பிக்கை. பிழை. அது தோலின் பிள்ளை. ஜெர்மனியின் வைன்ஹைமில் 1849இல் தோல் பதனிடத் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம்தான் 1930களில் 'சிம்மரிங்' என்ற பெயரில் தோல் விளிம்பு வைத்த சீலை விற்றது. செயற்கை ரப்பர் பிறகு வந்தது. தாராவியிலோ 1887இலேயே முதல் தோல் ஆலை வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் அங்கே தோல் பதனிட்டார்கள். மித்தி ஆற்றுக்கு அந்தப்பக்கம் குர்லாவில் பத்மினி கார்கள் உருவாயின. தோல் இருந்தது, எஞ்சின் இருந்தது, ஒழுகலும் இருந்தது. அப்படியும் சீலை நாம் கண்டுபிடிக்காமல் போனதற்கு, பத்மினியைச் செய்த பிரீமியர் கம்பெனி 1944இல்தான் தொடங்கியது என்ற ஒரே ஒரு காலவழுவைத் தவிர வேறு காரணமில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

சீல் எண்ணெயை அடியோடு தடுக்கிறது என்பர் ஒரு சாரார். அதுவும் பொருந்தாது. சீலின் உதடு சுழலும் தண்டை நேரடியாகத் தொடுவதில்லை. இடையே ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனத்தில் எண்ணெய்ப் படலம் உண்டு. அது வறண்டால் உதடு கருகிவிடும். ஆக, ஒழுகலைத் தடுக்க வந்தவனே எண்ணெயில் நனைந்துதான் உயிர்வாழ்கிறான். உதட்டின் சரிவுகள் இரண்டும் சமமல்ல: எண்ணெய்ப் பக்கம் செங்குத்து, காற்றுப் பக்கம் சாய்வு. தண்டு சுழலச் சுழல இந்த ஏற்றத்தாழ்வே கசியப் பார்க்கும் எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. திருப்பி மாட்டினால் அதே விசுவாசத்தோடு வெளியே தள்ளும். ஆகவே பழந்தமிழர் வாழ்வை அகமென்றும் புறமென்றும் பகுத்ததுபோல் சீலையும் பகுக்கலாம்: உதட்டை இறுக்கும் ஸ்பிரிங் உள்ள பக்கம் அகம், எழுத்துப் பொறித்த முதுகு புறம். இதற்கு உரை எழுதியவர் சயான் லிங்க் ரோட்டு மெக்கானிக் ஒருவர்: "எழுத்து ஒங்களப் பாக்கணும் அண்ணாச்சி, ஸ்பிரிங் இஞ்சினப் பாக்கணும். அம்புட்டுதான்." இதைவிடச் சுருக்கமான உரை எத்துறையிலும் அரிது.

தேர்வுக்கு வருவோம். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என மூன்று எண்கள் சீலின் முதுகில் மில்லிமீட்டரில் இருக்கும். சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறியும் உண்டு. முன்சீலுக்கும் பின்சீலுக்கும் அது வேறுபடலாம், கடைக்காரர் சொல்லமாட்டார். சாதா நைட்ரைல் ரப்பர் நூறு டிகிரிக்கு மேல் மெல்ல இறுகத் தொடங்கும். ஃப்ளோரோ ரப்பர் இருநூறு வரை தாங்கும். "கம்பெனி மாலா, லோக்கல் மாலா?" என்ற கேள்வி எழுமிடம் இதுவே. லோக்கல் மதத்தினரின் வாதம் முன்சீல் வரை செல்லுபடியாகும். பின்சீலில் அது உடைந்துவிடும். ஏனெனில் அங்கே போய்ச்சேர கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்கியாக வேண்டும். சீலின் விலையில் மாட்டுங்காவில் இருவர் இலைபோட்டுச் சாப்பிடலாம். கூலியிலோ ஒரு பந்திக்கே பரிமாறலாம். எனவே அறிவுடையோர் கிளட்ச் பிளேட் தேயும்வரை காத்திருந்து, அந்தச் சாக்கில் சீலையும் மாற்றுவர். அதுவரை ஆயில் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருப்பதையும், கசியும் எண்ணெய் கிளட்சில் படாமலிருக்க வேண்டிக்கொள்வதையும் இவ்வாய்வு குறைகூறாது.

ஆனால் குற்றவாளி எப்போதும் சீலா? இல்லை. பிரீதர் குழாய் அடைத்துப் பிஸ்டனைத் தாண்டிவரும் புகை எஞ்சினுக்குள் தேங்கினால், எவ்வளவு நல்ல சீலையும் அழுத்தம் பிதுக்கிவிடும். சில நூறு ரூபாயில் தீரும் அடைப்புக்கு கியர்பாக்ஸை இறக்கியவர்கள் செம்பூரில் உண்டு, பெயர் வேண்டாம். தண்டிலும் பழைய உதடு காலப்போக்கில் பள்ளம் பறித்திருக்கும். நகத்தால் தடவினால் தட்டும். அப்படியானால், சீல் உட்காரும் இருக்கை இடங்கொடுத்தால் புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்க வேண்டும், அல்லது தண்டின்மேல் மெல்லிய எஃகு உறை போட வேண்டும்.

பொருத்தும்போது பழையதை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது பெரும்பாவம். தண்டில் விழும் கீறல் வழியாகப் புதிய சீலும் ஒழுகும். ரப்பர் உதட்டில் எண்ணெய் தடவுக. டெஃப்லான் உதடென்றால் தடவாதே, தொடாதே. இருக்கையைத் துடைத்து, கழற்றிய பழைய சீலையே புதியதன் முதுகில் கவிழ்த்துவைத்துச் சுற்றிச்சுற்றிச் சமமாகத் தட்டுவது தாராவி மரபு. ஓரத்தில் ஓங்கி அடித்தால் சாய்ந்து உட்காரும், ஸ்பிரிங்கும் கழன்று உள்ளே விழும்.

மறுநாள் அட்டையில் மீண்டும் சொட்டு தெரிந்தால் மெக்கானிக்கின் மறுமொழி எங்கும் ஒன்றே: "அது பழைய ஆயிலு, வடியுது. ரெண்டு நாள் ஓட்டுங்க." இதை ஏய்ப்பு என்று தள்ளிவிட முடியாது, மூலைமுடுக்கில் தேங்கிய எண்ணெய் உண்மையிலேயே வடியும். பெட்ரோல் துணியால் அடிப்பாகத்தைத் துடைத்து, புது அட்டை போட்டு, மூன்றாம் நாளும் கறை இருந்தால் மட்டுமே சண்டைக்குப் போகலாம். போகுமுன் ஆயில் ஃபில்டரை ஒருமுறை கையால் இறுக்கிப் பார்த்துவிடவும்.