பாலைவனத்தில் ஒரு 12 வோல்ட் மோட்டார்

குவார்ட்ஸைட், அரிசோனா
தை மாதம்

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் நீங்கள் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன். காயில் கட்டின மோட்டாரை உங்கள் பட்டறையில் யாரோ ஓட்டிப் பார்த்த சத்தத்தில் நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "ஏன் மாப்ளே, அம்புட்டுப் பெரிய வீட்டை விட்டுட்டு, தண்ணியில்லாத காட்டுல தகரப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கீகளாமே, வேலை கீலை போயிருச்சா?"

வேலை இருக்கிறது. பீனிக்ஸில் வீடும் இருக்கிறது. வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் நடுராத்திரியில்கூடத் தண்ணீர் கொட்டுகிறது. அதைப் பூட்டிவிட்டு, லீவு போட்டு, அரசாங்கத்துக்குக் காசும் கட்டித்தான் இங்கே வந்திருக்கிறோம். கோவில்பட்டியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், தெரியும். நீங்களும் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பீனிக்ஸிலிருந்து மேற்கே 200 கிலோமீட்டர் வந்தால் இந்த ஊர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் 2,400 பேர் சொச்சம். பனிக்காலம் வந்தால் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ரிட்டையரான ஜனங்கள் ஆளுக்கொரு வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு குளிருக்குத் தப்பி இங்கே வந்து குவிகிறார்கள். மத்திய அரசின் நில நிர்வாகத் துறை 1983இல் இவர்களுக்கென்றே ஓர் ஏற்பாடு செய்தது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பாலைவனத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு இருக்கலாம். பல வருஷமாக அதற்குக் கட்டணம் 180 டாலர். அந்தப் பணத்துக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்பீர்கள். மண் தருகிறார்கள். கரண்ட் கிடையாது, வண்டிக்குக் குழாய் இணைப்பு கிடையாது. தெற்குப் பக்கம் பொதுக் குழாயும் கழிவுநீர் கொட்டும் இடமும் இருக்கின்றன. மற்றதெல்லாம் அவரவர் சாமர்த்தியம்.

எங்கள் வண்டி 1980களின் கடைசியில் செய்தது. ஃபிளாக்ஸ்டாஃப் என்ற மலை ஊரில் ஒரு பெரியவரிடம் வாங்கினோம். அது 7,000 அடி உயரம். கொடைக்கானல் அளவு உயரம், அதைவிட மோசமான குளிர். கொண்டுவந்து நிறுத்தி, உங்கள் தங்கச்சி ஆசையாகச் சமையல் குழாயைத் திறந்தாள். ரோஸ் மில்க் வந்தது. நிஜமாகவே அதே நிறம். குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்க அங்கே பனிக்காலத்தில் புரோப்பிலீன் கிளைகால் என்ற திரவத்தை ஏற்றி வைப்பார்களாம். குடித்தாலும் பெரிய கெடுதல் வராத சாதி, ஆனால் குடிக்கிற சாமான் இல்லை. இது எனக்குத் தெரிய வருவதற்குள் அவள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, "இனிப்பா இருக்கே, பழைய ஓனர் சர்க்கரைக்காரரா?" என்று கேட்டுவிட்டாள்.

ரோஸ் மில்க்கைக் கழுவி வெளியேற்றியதும் அடுத்த சங்கதி தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தால் அத்தனையும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய். பாலிபியூட்டிலீன். 1978 முதல் 1995 வரை இந்த நாட்டில் வீடு வீடாகப் போட்டார்கள், வண்டிகளிலும் போட்டார்கள். முனிசிபாலிட்டித் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதை உள்ளிருந்தே அரித்து நொறுங்க வைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்ததாம். ஜனங்கள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டு, 1995இல் 95 கோடி டாலர் நஷ்ட ஈட்டுக்குச் சமரசம் ஆனது. அந்த 95 கோடியில் என் பங்கு பூஜ்யம். அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு பெக்ஸ் குழாய் போட்டேன். நீங்கள் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். ஓஸ் மாதிரி வளைகிறது. வெந்நீருக்குச் சிவப்பு, பச்சைத் தண்ணீருக்கு நீலம். கத்தரிக்கோலால் வெட்டி, முனையைச் செருகினால் இணைப்பு முடிந்தது. சொல்யூஷன் தடவிக் காய வைக்கிற வேலையே இல்லை. இதைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தால் நம்மூர்ப் பிளம்பர்கள் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்.

இனி உங்கள் இலாகா. வண்டியின் தொட்டி 30 காலன், அதாவது 113 லிட்டர். நிரப்பினால் 113 கிலோ. வீட்டு மாடியில் இது ஒரு எடையா? இழுத்துப் போகிற வண்டியில் எடைதான். தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், அந்தப் பாரத்துக்கு முன்பக்கக் கொக்கி லேசாகி, நெடுஞ்சாலையில் வண்டி வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும். ஆகவே வருகிற வழியில் கொஞ்சம், இங்கே வந்தபின் மீதி.

மோட்டாரைச் சொன்னால் சிரிப்பீர்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர். குதிரை சக்தியில் பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. குதிரை இல்லை, ஆட்டுக்குட்டி. ஆனாலும் நிமிஷத்துக்கு 11 லிட்டர் தள்ளுகிறது. உள்ளே விசிறி கிடையாது. ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் ஆடித் தண்ணீரை உறிஞ்சுகிறது. அதனால் புட்வால்வும் வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் பிரைம் பண்ணவும் வேண்டாம். காற்றை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா ஓடினாலும் புகையாது. குழாயை மூடினால், அழுத்தம் 55 பவுண்டு வந்ததும் தானே நிற்கும். திறந்தால் தானே ஓடும். இது பெரிய வசதி. இதிலேயே ஒரு உளவாளியும் இருக்கிறான். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது பம்பு தானாக "டுர்ர்" என்று ஒரு விநாடி ஓடி நின்றால், எங்கோ ஓர் இணைப்பு ஒழுகுகிறது என்று அர்த்தம். அரை சொட்டுக்கும் அது சாட்சி சொல்லும்.

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டச் சுவரில் நாலு விளக்கு வைத்திருக்கிறார்கள். காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, நிறைவு. தொட்டியின் பக்கவாட்டில் திருகிய ஆணிகளைத் தண்ணீர் தொட்டால் விளக்கு எரியும். பழைய வண்டியில் தொட்டியின் சுவரெல்லாம் உப்புப் படிந்து, ஈரம் காயாமல், தண்ணீர் இறங்கின பிறகும் ஆணிகளுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் விளக்கு எப்போதும் மூன்றில் இரண்டு என்றே சத்தியம் செய்கிறது. அதை நம்பாமல், தொட்டியின் அடியில் ஒரு டீ இணைப்புப் போட்டு, கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டேன். உங்கள் பட்டறைச் சின்டெக்ஸ் தொட்டியில் நீங்கள் வைத்திருப்பதேதான். பக்கத்து வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பேட்டண்ட் உங்கள் பெயரில்தான் என்று சொல்லிவிட்டேன்.

குடிக்கிற தண்ணீருக்கு முன்னால் தொட்டிக்குச் சுத்திகரிப்பு. 15 காலனுக்குக் கால் கப் வீதம் வாசனை சேர்க்காத பிளீச்சை ஊற்றி, எல்லாக் குழாயிலும் அந்த வாடை வருகிறவரை திறந்து விட்டு, ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் வாடை போகிறவரை அலச வேண்டும். வெந்நீர் பாய்லருக்குப் பிளீச் போகாதபடி பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டுச் செய்கிறவர்களும் உண்டு. நான் அதையும் சேர்த்தே கழுவினேன். நிரப்புகிற ஓஸும் தனி. தோட்டத்துப் பச்சை ஓஸில் பிடித்தால் தண்ணீர் சைக்கிள் டியூப் மணக்கிறது, உடம்புக்கும் ஆகாது. குடிநீருக்கென்று வெள்ளை ஓஸ் விற்கிறார்கள்.

இத்தனையும் செய்து முடித்தபோது நான் ஏதோ மேட்டூர் அணையைக் கட்டின தோரணையில் இருந்தேன். உங்கள் தங்கச்சி சாயல்குடிக்காரி அல்லவா? ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்பி, தள்ளுவண்டியில் வைத்து வீடு கொண்டுவந்த வம்சம். "113 லிட்டரா? இத வச்சு ஒரு கல்யாணம் பண்ணலாம்," என்றாள். பண்ணியும் காட்டினாள். அரிசி களைந்த தண்ணீரில் காய் கழுவி, அதிலேயே பாத்திரத்தின் முதல் அலசை முடித்துவிடுகிறாள். குளிக்கும்போது நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு, மூடு. இங்கே இதைக் கடற்படைக் குளியல் என்கிறார்கள். கப்பலில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்பதால் வந்த பழக்கம். பக்கத்து வண்டிக் கனடாத் தம்பதி பல வருஷமாக வருகிறவர்கள், சிக்கனத்தில் இந்தப் பக்கத்துக்கே வாத்தியார்கள். அவர்கள் பாத்திரம் கழுவப் பயந்து காகிதத் தட்டில் சாப்பிடுகிறார்கள். இவள் அதே அளவுத் தண்ணீரில் சாம்பார், ரசம், பொரியல் வைத்து, எவர்சில்வர் தட்டில் பரிமாறி, கழுவிக் கவிழ்த்தும் விடுகிறாள். அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்று. தண்ணீர் வருவது பாதிக் கதைதான், போவது மீதிக் கதை. கழுவின தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் மண்ணில் விடக்கூடாது, சட்டம். ஒரு தொட்டியில் சேரும். கக்கூஸுக்கு வேறொரு தொட்டி. இரண்டும் நிரம்பினால் வண்டியை இழுத்துக்கொண்டு கழிவு கொட்டும் இடத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பல நாள் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே கழிவுத் தொட்டி நிரம்பிவிடுகிறது.

கக்கூஸ் விஷயத்தில் நம் பக்கம் ஒரு வெற்றி. எழுதக் கூச்சமாக இருக்கிறது, அக்காவிடம் இந்த இடத்தைத் தாண்டிப் படித்துக் காட்டுங்கள். காகிதம் உபயோகிக்கிறவர்கள் தண்ணீரை மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பெடலைத் தொட்டுத் தொட்டு விடுகிறார்கள். ஈரம் போதாமல் உள்ளே எல்லாம் குவிந்து, காய்ந்து, மலையாகிவிடுகிறது. பிறகு அதைக் கரைக்க ஆள், மருந்து, குச்சி. இதற்கு நிபுணர்கள் சொல்லும் ஒரே வைத்தியம், தாராளமாகத் தண்ணீர் விடுங்கள் என்பது. நாங்கள் சொம்பும் கையுமாக வந்தவர்கள். எங்கள் தொட்டி ஒரு நாளும் அடைத்ததில்லை.

பீனிக்ஸுக்கு மட்டும் எங்கிருந்து தண்ணீர் என்று கேட்பீர்கள். ஒரு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. அதற்காக 540 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். 1973இல் ஆரம்பித்து முடிக்க இருபது வருஷம் ஆனது. ஆற்றங்கரையில் இருக்கிற முதல் பம்பு நிலையம் தண்ணீரை ஒரே மூச்சில் 800 அடிக்கு மேல் தூக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தில் விடுகிறது. அந்த மோட்டாரின் காயிலைப் பார்த்தால் நீங்கள் ஊர் திரும்பமாட்டீர்கள். எங்கள் வீட்டு நடுராத்திரிக் குழாய்க்குப் பின்னால் அதெல்லாம் ஓடுகிறது. அந்தக் கால்வாய் இந்த ஊரை மட்டும் எட்டிப் பார்க்காமல் வடக்கே போய்விட்டது.

இங்கே பார்க்க வேண்டிய இடம் ஒரு கல்லறை. உச்சியில் செம்பு ஒட்டகம் நிற்கும் கல் பிரமிடு. 1850களில், பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் சாமான் சுமக்க ஒட்டகம்தான் சரி என்று அமெரிக்க ராணுவம் மத்தியக் கிழக்கிலிருந்து ஒட்டகங்களையும் ஓட்டுகிறவர்களையும் கப்பலில் கொண்டுவந்தது. அப்படி 1856இல் வந்த ஹாஜி அலியின் பெயர் இவர்கள் வாயில் ஹை ஜாலி ஆகி, கல்லறையிலும் அப்படியே இருக்கிறது. உள்நாட்டுப் போர் வந்து திட்டம் நின்றுபோனது. அவர் ஊர் திரும்பாமல் 1902இல் இங்கேயே இறந்தார். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். பெயரைக் கடித்துத் துப்புவதில் இந்த நாட்டுக்காரர்கள் என்னிடமும் குறை வைத்ததில்லை.

பொங்கலும் இங்கேதான். வெளியில் அடுப்பு வைத்து, பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, நாங்கள் குலவை போடத் தயாராக நின்றோம். பொங்கி வழிகிற நேரத்தில் கனடாக்காரர் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டார். நாங்கள் கவனிக்கவில்லையாம், நல்ல பால் வீணாகப் போகிறதாம். திரும்பப் பற்ற வைத்து, வழிய விட்டு, விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் நல்ல நேரம் முடிந்தது. வழிந்ததைத் துடைக்க எத்தனை லிட்டர் செலவாகும் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

இப்போது எனக்கு உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. குழாயைப் பாதி திறந்தால் பம்பு நிதானமாக ஓடாமல் டக் டக் டக் என்று வெட்டி வெட்டி ஓடுகிறது. காற்றுப் பை உள்ள சின்ன உருளை ஒன்றை லைனில் சேர்த்து, 30 பவுண்டு காற்றும் பிடித்துவிட்டேன். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பிரஷர் சுவிட்சின் தலையில் ஒரு சின்ன ஸ்குரு இருக்கிறது. கனடாக்காரர் திருப்பு என்கிறார், எதிர் வண்டிக்காரர் அதைத் தொட்டால் மோட்டார் நிற்காமல் ஓடிக் காயில் கருகும் என்கிறார். "ரெண்டு பேரையும் விடுங்க, அண்ணனக் கேளுங்க," என்கிறாள் உங்கள் தங்கச்சி. எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று பட்டறை மோட்டாரை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அக்காவை வாட்ஸ்அப்பில் போடச் சொன்னாலும் சரி. கொஞ்சம் சீக்கிரம். வெட்டாமல் ஓட வேண்டும் என்று இப்போதைக்குக் குழாயை முழுசாகத் திறந்துகொண்டிருக்கிறேன், கனடாக்காரர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்