ஐந்தெழுத்தும் ஆறு வாய்ப்பும்: திம்புள்ளப் பகுதிச் சொற்புதிராளர் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

இலங்கையின் திம்புள்ளத் தேயிலையை ஆராய ஆளில்லை என்று எவரும் குறைகூற முடியாது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலேயே இருக்கிறது. மண், உரம், கொழுந்தின் நோய் எல்லாம் அங்கே அலசப்படுகின்றன. ஆனால் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு பக்கத்து ஆளின் மேல் சாய்ந்தபடி, போன் திரையின் ஐந்து கட்டங்களை வெறித்துக்கொண்டிருக்கும் மனிதரை ஆராய நிலையம் எதுவும் இல்லை. அறிவுலகின் இப்பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முன்வருகிறது.

அவர் ஆடுவது வேர்டில். நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல், ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு. எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து உண்டு இடம் வேறென்றால் மஞ்சள், எழுத்தே இல்லையென்றால் சாம்பல். ஹட்டன் என்று போட முடியாது, ஆங்கிலத்தில் ஆறெழுத்து. திம்புள்ளவுக்கோ ஏழு. ஊர்ப்பற்று இங்கே முதல் வரியிலேயே தோற்கிறது.

2. முன்னோர்

1913 டிசம்பர் 21இல் ஆர்தர் வின் என்பவர் 'நியூயோர்க் வேர்ல்ட்' நாளிதழில் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். நூறாண்டு கடந்து, ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தம் துணைவி பாலக் ஷாவின் பொழுதுபோக்குக்காக இந்த வேர்டிலைச் செய்தார். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 12,000. அவற்றில் முற்றிய இலையைத் தள்ளித் தளிரை மட்டும் கிள்ளுவதுபோல் பாலக் ஷா 2,500 அளவில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். 2021 நவம்பர் முதலாந் திகதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் மூன்று இலட்சம் பேர். 2022 ஜனவரி முடிவதற்குள் 'நியூயோர்க் டைம்ஸ்' அதை விலைக்கு வாங்கிவிட்டது.

3. தமிழே மூலம் என்பதற்குச் சான்று

ஐந்து கட்டம், கட்டத்துக்கு மூன்று நிறம். பெருக்கினால் 243 வடிவங்கள். நான்கு பச்சையும் ஒரு மஞ்சளும் ஒருசேர வர வழியில்லை. ஆகவே ஐந்தைக் கழித்தால் 238. தமிழ் எழுத்துகளோ 247. மிச்சம் ஒன்பதும் கடல்கோளில் போயின என்று கொள்வதில் தடையேதும் இல்லை. மறுப்போர் கடலுக்குள் இறங்கிச் சான்று கொண்டுவரட்டும்.

4. ஈர்ப்பின் காரணம்

புதிய சொல் பிறப்பது அவரவர் கடிகாரத்தின் நள்ளிரவில். எனவே புதிரின் உரிமையாளர் வாழும் நியூயோர்க்குக்கு ஒன்பதரை மணி நேரமாவது முந்தி திம்புள்ளவுக்கு அது வந்துவிடுகிறது. நல்ல தூளை முதலில் லண்டனுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் சாயத்தண்ணி குடித்த வட்டாரத்துக்கு, முதல் பறிப்பு தன் கைக்கே வருவது வரலாற்றுத் திருப்பம் அல்லவா?

ஆயினும் முதன்மைக் காரணம் வேறு. களஆய்வில், கொழுந்தெடுத்து ஓய்ந்த ஓர் அம்மாயியிடம் விதிகளை விளக்கினோம். பச்சை மஞ்சளை அவர் பொருட்படுத்தவில்லை. "ஒரு நாளைக்கு ஒன்னுதான் குடுப்பானா?" என்றார். ஆம் என்றோம். "அப்ப கணக்கு முடிஞ்சிருமில்ல தம்பி. எங்களுக்கு எங்க முடிஞ்சிச்சு? கூடை நெறஞ்சா கொட்டிட்டு மறுபடி ஏறணும்."

இத்துறையில் இதனினும் செறிவான கோட்பாட்டை யாம் கண்டதில்லை. போனில் மற்றவை எல்லாம் முடியாதவை. வீடியோவுக்குப் பின் வீடியோ, செய்திக்குப் பின் செய்தி, ரீலோட் தீரும்வரை ஓட்டம். இது மட்டும் "இன்றைக்குப் போதும், நாளைக்கு வா" என்கிறது. வேலை முடிந்தது என்று யாராவது சொல்வதைக் கேட்கவே மனிதர்கள் இதை ஆடுகிறார்கள்.

அடுத்த காரணம், எல்லோருக்கும் ஒரே சொல் என்பது. 2021 டிசம்பரில் வந்த வசதிப்படி, விடையைச் சொல்லாமல் வண்ணக் கட்டங்களை மட்டும் பிறருக்கு அனுப்பலாம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இவ்வசதி பயனற்றது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் "கொத்தமல்லி போட்டுக் குடி" என்கிறார்கள். ஐந்தெழுத்தை எப்படி மறைப்பது? ஆகவே தோட்டத்தின் நாட்கூலி வழக்கையொட்டி முடிவுகளை வகைப்படுத்தினோம். நான்கு வாய்ப்புக்குள் கண்டால் முழுப்பேர். ஐந்திலோ ஆறிலோ கண்டால் அரைப்பேர். முதல் வாய்ப்பிலேயே கண்டால் சுவர் மெல்லிசு.

5. உத்தி

முதற்சொல் குறித்து இரு மரபுகள் உண்டு. பெக்கோ மரபினர் தேயிலைத் தரத்தின் பெயரையே முதலில் போடுவர். பி.ஓ.பி. என்ற மூன்றெழுத்தில் ஊரே பிழைத்திருக்க, அதன் கடைசிப் 'பி'யை விரித்தெழுதுவது அவர்களுக்குப் பெருமை. ஆனால் பெக்கோவில் 'ஈ' இருமுறை வருகிறது. ஐந்து கட்டம் செலவழித்து நான்கு எழுத்தையே விசாரிக்கிறார்கள். அதிலும் 'கே' அடிக்கடி வராத எழுத்து.

ட்ரெயின் மரபினர் 1884இல் ஹட்டனை எட்டிய ரயிலின் வழிவந்தோர். அச்சொல்லின் ஐந்தும் வேறு வேறு எழுத்து, ஐந்தும் அடிக்கடி வருபவை, இரண்டு உயிர். முதற்சொல்லின் வேலை விடையாவதன்று, விடையல்லாதவற்றை விரட்டுவது. முதல் வாய்ப்பிலேயே வென்றாக வேண்டும் என்று நினைப்பவர் பெக்கோ போடுகிறார். நான்காவதில் வென்றால் போதும் என்பவர் ட்ரெயின் ஏறுகிறார்.

இனி, பொறி. கடைசி நான்கெழுத்தும் பச்சையாகி, முதலெழுத்து மட்டும் மிஞ்சும் நிலை. லைட், மைட், நைட், சைட், ரைட், ஃபைட், டைட், எயிட் என எட்டுச் சொற்கள் வரிசையில் நிற்கும், வாய்ப்போ நான்கு. பஸ் கொண்டக்டரின் குரல் காதில் விழுந்த பழக்கத்தால் நம்மவர் முதலில் போடுவது ரைட். பின் ஒவ்வொன்றாய் எரிப்பார். அறிவுடையோர் ஒரு வாய்ப்பைத் தியாகம் செய்து, அந்த முதலெழுத்துகளில் மூன்று நான்கைச் சேர்த்துவைத்த வேறொரு சொல்லைப் போடுவர். தோற்பது உறுதியான அச்சொல்லே வெற்றிக்கு வழி.

6. நன்னூல் வழியும் அதன் தோல்வியும்

இப்புதிரைத் தமிழில் ஆடினால் பவணந்தி முனிவர் இலவசமாகவே உதவுகிறார். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வாரா. பதினெட்டில் எட்டுப் போயிற்று. இறுதியில் வல்லின மெய் வராது. அதில் ஆறு போயிற்று. ஒரு வாய்ப்பும் செலவழியாமல் இவ்வளவு விளக்கம் தரும் இலக்கணம் வேறெங்கே?

ஆனால் ஆய்வுக்களத்தின் அன்றாடச் சொற்களை அடுக்கினோம்: லயம், ரொட்டி, லொறி, டவுன், றாத்தல். தள்ளிய வரிசைகளிலேயே தோட்டம் குடியிருக்கிறது. இகரம் முன்வைத்து 'இலயம்', 'இரொட்டி' என்று நன்னூல் வழியில் திருத்தலாம். ஹட்டன் டவுன் கடையில் 'இரொட்டி' கேட்டுப் பார்த்தோம். முதலாளி கேட்டவரைத்தான் திருத்தப் பார்த்தார்.

7. முடிவும் பரிந்துரையும்

மலையகத்தில் இதற்கு முந்திய புதிர் ஒன்று உண்டு. எழுத்தில்லை, நான்கு இலக்கம்: நாட்சம்பளம் 1000 ரூபாய். 2015இலேயே விடையை உரக்கச் சொல்லியாயிற்று. 2016இல் கூட்டு ஒப்பந்தம் போட்ட அடிப்படைச் சம்பளம் 500. 2019இல் 700. 2021 மார்ச்சில் வர்த்தமானி வழியாக 900உம் படி 100உம் சேர்ந்து நான்கு கட்டமும் பச்சையாயின. விடை கையில் இருந்தும் மூன்றாம் வாய்ப்புவரை இழுத்தது இப்புதிர் வரலாற்றில் ஒரு சாதனை. அடுத்த ஆண்டு அரிசியும் மாவும் விலையேறி, அது நேற்றைய விடையாகிவிட்டது.

எனவே பரிந்துரைக்கிறோம்: அடுத்த சம்பளப் பேச்சு மேசையில் ஆறு வரிக் கட்டமும் ஒரு சுவர்க் கடிகாரமும் வைக்கப்படுக. நள்ளிரவு தாண்டிய விடை ஏற்றுக்கொள்ளப்படலாகாது.