வரப்போகும் சீசனுக்கு வாழ்த்துரை

நாடகக் கொட்டகை நடத்துகிறவர்களைப் போலப் பாவப்பட்டவர்கள் கிடையாது. வரும் சீசனுக்கு எந்த நாடகம், யார் கதாநாயகி, முதல் நாளே அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் யாரை ஏற்றுவது, டிக்கெட் விற்குமா என்று வருடம் முழுக்கத் தூக்கம் கெடும். இத்தனை கவலையையும் ஒரே பூட்டில் தீர்த்துக் காட்டியவர்கள் சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துப் பெரியவர்கள். தங்கள் தெயாத்ரோ மாஸ்ஸிமோ என்னும் ஓபரா அரங்கைப் புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செப்பனிட வேண்டும் என்று 1974-இல் மூடினார்கள். 1997 மே 12 அன்று திறந்தார்கள். நடுவே 23 ஆண்டுகள் அந்த மேடையில் ஒரு பாடகருக்கும் சுருதி விலகவில்லை. ஒரு நாடகமும் தோற்கவில்லை. பின்வரிசையில் ஒருவரும் குறட்டை விடவில்லை.

சின்னக் கொட்டகையை யார் வேண்டுமானாலும் பூட்டலாம். இவர்கள் பூட்டியது இத்தாலியிலேயே பெரிய ஓபரா அரங்கை. ஐரோப்பாவில் பாரிஸ், வியன்னாவுக்கு அடுத்தபடி அதுதான் என்று ஊரே பெருமை பேசும். குடும்பப் பாரம்பரியமும் அதற்கு உண்டு. 1864-இல் வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு எட்டு ஆண்டுகள் வேலையை நிறுத்திவைத்து யோசித்தார்கள். கட்டடக் கலைஞர் ஜொவான் பத்திஸ்தா ஃபிலிப்போ பஸீலே 1891-இல் கண்ணை மூட, மகன் எர்னெஸ்தோ முடித்துக் கொடுத்தார். 1897 மே 16 அன்று வெர்தியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ ஓபராவோடு கதவு திறந்தது. கட்டுவதற்கு 33 ஆண்டு எடுத்துக்கொண்ட ஊரில் பழுதுபார்க்க 23 ஆண்டு என்பது கொஞ்சம் அவசரப்பட்ட மாதிரிதான் தெரிகிறது.

முகப்பில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறார்கள். கலை மக்களைப் புதுப்பிக்கிறது, எதிர்காலத்துக்கு ஆயத்தம் செய்யாத மேடை இன்பம் வீண் என்பது அதன் சாரம். மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட வாசகத்தைப் புறாக்கள் மட்டுமே படிக்கும். பலெர்மோவின் ஆட்சியாளர்கள் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்கள். வீணான இன்பத்தை அடியோடு விலக்கிவிட்டு, எதிர்காலத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக்கு அங்கே நடந்த சீசன் என்று ஒன்று இல்லை, வரப்போகும் சீசன்தான் உண்டு.

இதே இத்தாலியில் மற்றவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். வெனிஸின் லா ஃபெனிச்சே 1996-இல் எரிந்தது. 2003 கடைசியில் மறுபடி திறந்துவிட்டார்கள், எட்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பாரி நகரத்துப் பெத்ருத்செல்லி 1991-இல் எரிந்து, 2009-இல் திறந்தது. பதினெட்டு ஆண்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் இருவருக்குமே முதலில் ஒரு தீ தேவைப்பட்டது. பலெர்மோக்காரர்கள் ஒரு தீக்குச்சிகூடச் செலவழிக்காமல் இருவரையும் முந்தினார்கள்.

அந்த ஊர் அதிகாரிகளைச் சோம்பேறிகள் என்று சொல்லும் நாக்கு அழுகிப்போகும். அதே எர்னெஸ்தோ பஸீலே வடிவமைத்த வில்லா தெலியெல்லா என்ற அழகான மாளிகை நகர நடுவில் இருந்தது. 1959 நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை, அதை இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது மேயர் சால்வோ லீமா, பொதுப்பணிக்குப் பொறுப்பு வீத்தோ சான்சிமீனோ. பின்னாளில் மாஃபியாத் தொடர்புக்காக நீதிமன்றமே தண்டித்துச் சிறப்பித்த பெயர் இரண்டாவது. விடுமுறை நாளென்றும் பாராமல் உழைத்தவர்களைச் சோம்பேறி என்பதா? மாளிகை இருந்த இடம் பல பத்தாண்டுகளாகக் கார் நிறுத்தவும் உதவியது. இடிப்பதற்கு ஒரு வார இறுதி போதும், பழுதுபார்க்க நிதானம் வேண்டும் என்ற நுட்பம் பொறியியல் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுவதில்லை.

மாஸ்ஸிமோவின் செலவு மதிப்பீடு வளர்ந்துகொண்டே போனது. ஊழல் என்றார்கள், கட்சிகளின் உள்சண்டை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடகம் நடக்கும் அரங்கு நடிகருக்கும் வாத்தியக்காரருக்கும்தான் சோறு போடும். மூடியிருக்கும் அரங்கு எவ்வளவோ பேருக்குப் போடும், அவர்கள் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஓபராக்களைப் பக்கத்தில் இருக்கும் பொலித்தெயாமா அரங்குக்கு மாற்றினார்கள். அது 1874-இல், கூரை முடியுமுன்பே திறந்து நாடகம் போட்ட அவசரக்குடுக்கை. முடியாததைத் திறப்பது, முடிந்ததை மூடுவது என்று இரண்டு வித்தையும் ஒரே ஊரில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மன்னன் தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசி, காவலோடு கொலுவிருந்ததை ஔவையார் நேரில் கண்டு மெச்சினார். அவரைத் தூது அனுப்பிய நெடுமான் அஞ்சியின் வேல்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தனவாம். ஔவை நின்ற இடத்தில் நின்று நானும் மாஸ்ஸிமோவின் பூட்டை மெச்சுகிறேன். ஒன்றே ஒன்றுதான் குறை. ‘காட்ஃபாதர்’ மூன்றாம் பாகத்துக்காக அமெரிக்கர்கள் வந்து அதன் வெளிப் படிக்கட்டில் துப்பாக்கிச் சூட்டைப் படமாக்கிப் போனார்கள். படம் 1990-இல் வந்தது. அத்தனை ஆண்டு தவத்தில் உலகம் பார்த்த ஒரே காட்சி, பலெர்மோவுக்குப் பழக்கப்பட்ட காட்சியாகவே அமைந்துவிட்டது.

கடைசியில் நூற்றாண்டு விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் திறந்தார்கள். இசை நடத்துநர் கிளாடியோ அப்பாடோவும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் வந்து வாசித்தார்கள். பழக்கம் விடுமா, ஓபரா கேட்க மறு ஆண்டு ‘ஐடா’ வரை காத்திருக்க வைத்தார்கள்.

இந்தக் கலையின் அரிச்சுவடிகூடத் தெரியாதவர்களும் அதே மாநகர எல்லைக்குள் இருக்கிறார்கள். வடமேற்குக் கோடியில், காப்போ கால்லோ மலையடியில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவர் குப்பம். கோஸ்மாஸ், தாமியான் என்ற இரட்டைப் புனிதர்களுக்குச் செப்டம்பர் கடைசியில் அங்கே விழா. வெள்ளை உடுத்து, சிவப்புத் துணி கட்டி, வெறுங்காலோடு சிலைகளைத் தோளில் ஏற்றிக்கொள்வார்கள். பேண்டு வாத்தியம் முழங்க, குறுகிய தெருக்களில் அந்தப் பாரத்தோடு ஆடுவார்கள், ஓடுவார்கள். மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கோயில் முற்றத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு பலெர்மோவில் குடியேறிய நம்மவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நடிகனும் பார்வையாளனும் ஒரே தெரு, ஒரே சொந்தம்.

எவ்வளவு பின்தங்கிய ஏற்பாடு பாருங்கள். ஆலோசனைக் குழுவின் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் வருடா வருடம் அதே செப்டம்பரில் சீசனைத் தொடங்கிவிடுகிறார்கள். கும்பிடும் சாமிகளாவது விவரமானவர்களா என்றால் அதுவும் இல்லை. இருவரும் மருத்துவர்கள், நோயாளிகளிடம் காசே வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்கள் என்பது மரபு. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாநகரத்தில் ஒரு செப்பனிடும் ஒப்பந்தமாவது கிடைத்திருக்குமா? இருந்தாலும் நன்றி மறக்கக் கூடாது. மாஸ்ஸிமோவைக் கவனித்துக்கொண்ட அதே கைகள் தங்கள் விழாவையும் கவனித்துக்கொள்ள வராமல் காத்தமைக்கு, இந்தச் செப்டம்பரில் மீனவர்கள் புனிதர்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றலாம்.